சிகாகோ கட்டாமல் விட்ட கரை

சிகாகோ போகிறேன் என்றதும் தெரிந்தவர்கள் எல்லோரும் கட்டடங்களைத்தான் சொன்னார்கள். அந்தக் கோபுரத்தில் ஏறு, இந்தக் கண்ணாடித் தளத்தில் நின்று படம் எடு என்று ஆளுக்கொரு பட்டியல். கட்டடங்கள் கட்டாயம் பார்க்க வேண்டியவை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு சனி ஞாயிறு அந்த ஊரில் நடந்து திரிந்தபின், யாராவது கேட்டால் நான் முதலில் சொல்லப்போவது அந்த ஊர்க்காரர்கள் கட்டாமல் விட்டுவைத்த இடத்தைப் பற்றி. மிச்சிகன் ஏரிக்கரை.

அமெரிக்காவின் மூன்றாவது பெரிய நகரம் அது. ஏரியைப் பார்த்த நிலம் என்றால் அங்கே என்ன விலை போகும் என்று சொல்லவே வேண்டாம். அப்படிப்பட்ட ஊரில் கரையோரம் மைல்கணக்கில் புல்வெளி, மணல், மரங்கள், நடைபாதை. வடக்கிலிருந்து தெற்காக 18 மைலுக்கு, காசு கொடுக்காமல், யாரிடமும் அனுமதி கேட்காமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம். இது தானாக அமைந்துவிடவில்லை. தலைமுறை தலைமுறையாக வழக்குப் போட்டும் சண்டை பிடித்தும் காப்பாற்றியிருக்கிறார்கள். அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு நடந்தால் ஊர் வேறு மாதிரித் தெரிகிறது.

என் அக்கா மகள் மில்வாக்கியில் இருக்கிறாள். அங்கிருந்து சிகாகோவுக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். ஜூன் மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை இருவரும் கிளம்பி யூனியன் ஸ்டேஷனில் இறங்கினோம். 1925இல் திறந்த நிலையம். அதன் பெரிய கூடத்தில் கண்ணாடிக் கூரை வழியாக வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. மர பெஞ்சுகளில் கொஞ்ச நேரம் உட்கார ஆசைதான். "படகுக்கு நேரமாகுது மாமா" என்று அவள் அவசரப்படுத்தினாள்.

சிகாகோவில் ஒன்றே ஒன்றுக்குத்தான் காசு செலவழிக்க முடியும் என்றால் ஆற்றுப் படகுக்குக் கொடுங்கள். சிகாகோ கட்டடக்கலை மையம் நடத்தும் ஒன்றரை மணி நேரப் படகுப் பயணம் அது. வழிகாட்டிகள் எல்லோரும் தன்னார்வலர்கள். எங்கள் படகில் பேசிய அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். கையில் குறிப்பு எதுவும் இல்லை. ஒவ்வொரு கட்டடத்தையும் சொந்தக்காரர்களை அறிமுகப்படுத்துகிற உரிமையோடு அறிமுகப்படுத்தினார். மக்காச்சோளக் கதிர்போல நிற்கும் மரினா சிட்டியின் இரட்டைக் கோபுரங்களில் கீழே உள்ள 19 தளங்களும் கார் நிறுத்துமிடம். விளிம்பு வரை கார்கள் வந்து நிற்பது படகிலிருந்தே தெரிகிறது. ஆற்றின் கிளைகள் பிரியும் இடத்துக்கு அருகே இன்னொரு கட்டடம், அடியில் மிகக் குறுகி, மேலே போகப் போக விரிகிறது. கீழே ரயில் தண்டவாளங்கள் போவதால் அஸ்திவாரத்துக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான். கிடைத்த இடத்தில் ஊன்றி மேலே அகன்றுகொண்டார்கள்.

ஆனால் அந்தப் பயணத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது ஆற்றின் கதைதான். இந்த ஆறு இயற்கையில் ஏரிக்குள் போய் விழுந்தது. ஊரின் சாக்கடையும் இறைச்சிக் கூடங்களின் கழிவும் ஆற்றில். ஆறு ஏரியில். குடிதண்ணீர் எடுப்பதும் அதே ஏரியில். காலரா, டைபாய்டு என்று மக்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். முதலில் 1850களில் ஊரையே உயர்த்தினார்கள். சதுப்பு நிலத்தில் சாக்கடைக் குழாய் பதிக்கப் போதிய சரிவு இல்லாததால், குழாய்களைத் தரைமட்டத்துக்கு மேலே போட்டு, அதற்கு மேல் மண்ணைக் கொட்டித் தெருக்களை உயர்த்தினார்கள். ஏற்கெனவே இருந்த கட்டடங்களுக்கு அடியில் நூற்றுக்கணக்கான திருகு ஜாக்கிகளை வைத்து, ஆட்கள் ஒரே நேரத்தில் திருக, செங்கல் கட்டடங்கள் அங்குலம் அங்குலமாக மேலே வந்தன. உள்ளே வியாபாரம் நடந்துகொண்டே இருந்ததாம்.

அதுவும் போதவில்லை. அதனால் ஆற்றையே திருப்பிவிட்டார்கள். 28 மைல் நீளத்துக்கு ஒரு கால்வாய் வெட்டி, ஏரிக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீரை மிசிசிப்பி பக்கம் ஓட வைத்தார்கள். 1900 ஜனவரியில், கீழே இருக்கும் செயின்ட் லூயிஸ்காரர்கள் நீதிமன்றத் தடை வாங்குவதற்குள் அவசர அவசரமாக, பெரிய விழா எதுவும் இல்லாமல் திறந்துவிட்டார்கள். உங்கள் கழிவு எங்கள் குடிதண்ணீரில் வருகிறது என்று அந்த ஊர் இருக்கும் மிசௌரி மாநிலம் வழக்குப் போட்டது. 1906இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. சிகாகோவின் குடிதண்ணீர் தப்பித்தது உண்மை. அந்தத் தொல்லை கீழே இருப்பவர்கள் பக்கம் போனதும் உண்மை. இப்போது அதே வழியாக வெளிநாட்டுக் கெண்டை மீன்கள் ஏரிக்குள் நுழைந்துவிடக் கூடாதே என்று கால்வாயில் மின்தடுப்பு வைத்திருக்கிறார்கள். நதிநீர் வழக்குகளைக் கேட்டே வளர்ந்த காவிரிக் கடைமடைக்காரன் நான். இந்தக் கதையை வெறும் பொறியியல் சாதனையாக மட்டும் என்னால் கேட்க முடியவில்லை.

கிளார்க் தெருவுக்கும் லசால் தெருவுக்கும் இடையே வந்தபோது அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். 1915 ஜூலை 24 அன்று ஒரு தொழிற்சாலைத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு உல்லாசப் பயணம் கிளம்ப ஏறிய ஈஸ்ட்லேண்ட் என்ற கப்பல், கரையில் கட்டியிருந்தபடியே பக்கவாட்டில் சாய்ந்தது. 844 பேர் இறந்தார்கள். கரையிலிருந்து சில அடி தூரத்தில். படகில் இருந்த யாரும் அந்த இடத்தில் படம் எடுக்கவில்லை.

படகை விட்டு இறங்கியபின் நகர மையமான லூப் பகுதியில் கொஞ்சம் சுற்றினோம். தலைக்கு மேலே இரும்புத் தூண்களின் மீது 'எல்' ரயில் தடதடத்துப் போகும் தெருக்கள். 1897இலிருந்து இந்த வளையத்தில் ரயில் சுற்றிக்கொண்டிருக்கிறது. மொனாட்நாக் என்ற பழைய அலுவலகக் கட்டடத்தைத் தவறவிடாதீர்கள். 1891இல் முடிந்த அதன் வடக்குப் பாதி 16 மாடி. மொத்தப் பாரத்தையும் செங்கல் சுவரே தாங்குவதால் அடியில் சுவர் ஆறு அடி கனம். இரண்டே வருடத்தில் சேர்த்த தெற்குப் பாதியை எஃகுச் சட்டத்தில் எழுப்பினார்கள், சுவர் மெலிந்துவிட்டது. கட்டடக்கலை ஒரு காலத்திலிருந்து இன்னொரு காலத்துக்குத் தாண்டிய இடத்தை ஒரே கட்டடத்தில் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

வில்லிஸ் டவர் என்று இப்போது அழைக்கப்படும் சியர்ஸ் டவரில் நாங்கள் ஏறவில்லை. வரிசை நீளம், எங்களிடம் இருந்ததோ இரண்டு நாள். ஆனால் அதன் அடியில் நின்று ஃபஸ்லுர் ரஹ்மான் கானை நினைத்துக்கொண்டேன். டாக்காவில் வளர்ந்து அமெரிக்கா வந்த அந்தப் பொறியாளர், ஒன்பது சதுரக் குழாய்களைக் கட்டாகச் சேர்த்து நிறுத்தினால் காற்றின் விசையைக் குறைந்த எஃகிலேயே தாங்க முடியும் என்று கணக்குப் போட்டார். 110 மாடி, 1,451 அடி. 1998இல் கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரங்கள் வரும்வரை உலகின் உயரமான கட்டடம் அதுதான். அருகில் உள்ள தெருமுனையில் அவர் பெயர்ப் பலகை இருக்கிறது. மேலே போய்ப் படம் எடுத்து வருகிற கூட்டத்தில் எத்தனை பேர் அதை நிமிர்ந்து பார்க்கிறார்களோ தெரியாது. நீங்கள் பாருங்கள்.

மதியச் சாப்பாடு டீப் டிஷ் பீட்சா. அடியில் சீஸ், மேலே தக்காளி, கிண்ணம் மாதிரி ஆழம். வேக முக்கால் மணி நேரம் ஆகும், அதனால் முதலில் ஆர்டர் கொடுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிக்க வேண்டும். ஒரு துண்டுக்கு மேல் முடியாது.

அப்புறம் ஆர்ட் இன்ஸ்டிடியூட் என்ற கலை அருங்காட்சியகம். வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள், 1894இலிருந்து அங்கேயே நிற்கின்றன. 1893 செப்டம்பர் 11 அன்று சர்வசமயப் பேரவையில் விவேகானந்தர் பேசியது இந்தக் கட்டடத்தில்தான். பேரவைக்காக உள்ளே தற்காலிகமாக அமைத்த மண்டபம் இப்போது இல்லை. வெளியே மிச்சிகன் அவென்யூவின் ஒரு பகுதிக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். அவரை அனுப்பிவைக்கச் சென்னையில் அளசிங்கப் பெருமாள் என்ற பள்ளி ஆசிரியர் வீடு வீடாகப் போய்ப் பணம் சேர்த்தார். ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதியும் உதவினார். அந்தப் பெயர்ப் பலகைக்குக் கீழே நின்றபோது எனக்கு அளசிங்கரின் நினைவுதான் அதிகம் வந்தது. அவர் இந்த ஊரைப் பார்த்ததே இல்லை.

ஓவியங்களைத் தேடித்தான் எல்லோரும் மாடிக்கு ஓடுகிறார்கள். சூராவின் ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரை, ஹாப்பரின் இரவுக் கடை, கையில் முள்கரண்டிக் கோலோடு நிற்கும் கிராமத்து மனிதரும் பக்கத்தில் பெண்ணும். எல்லாவற்றையும் பார்த்தோம். சூராவின் முன்னால் நல்ல நேரம் நின்றோம். ஆனால் நான் அங்கே போனது முக்கியமாக ஒரே ஒருவரைப் பார்க்க.

நான் நாகப்பட்டினத்துக்காரன். ஆசியக் கலைக்கூடத்தில் சம்மணமிட்டு, மடியில் கைமேல் கைவைத்துத் தியானத்தில் அமர்ந்திருக்கும் கருங்கல் புத்தர் எங்கள் ஊர்க்காரர். சோழர் காலம், பன்னிரண்டாம் நூற்றாண்டை ஒட்டியது. பெயர்ப் பலகையில் தமிழ்நாடு, நாகப்பட்டினம் என்று எழுதியிருக்கிறது. முன்பே தெரிந்துதான் போனேன். இருந்தாலும் அந்த எழுத்துகளைப் படித்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. "ஊர்ல இப்படி ஒரு சிலை இருந்துச்சா மாமா?" என்று கேட்டாள் அக்கா மகள். அவள் பள்ளிக்கூடம் முடித்ததும் நாகப்பட்டினத்தில்தான். அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து சொன்னேன். ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தைக் கட்டினார். கடல் தாண்டி வந்து போகும் வணிகர்களும் பிக்குகளும் தங்கி வழிபட. சிவனுக்குத் தஞ்சையில் அவ்வளவு பெரிய கோயில் எழுப்பிய அதே ராஜராஜன், புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே தானமாகக் கொடுத்தான். அதைச் சொல்லும் செப்பேடுகள் டச்சுக்காரர் காலத்தில் நெதர்லாந்துக்குப் போய், பின்னர் அங்குள்ள லெய்டன் நகரத்தில் சேர்ந்தன. ஊரில் மிச்சமாக நின்ற செங்கல் கோபுரத்தை, சீனக் கோபுரம் என்று மாலுமிகள் அடையாளம் வைத்துக்கொண்டிருந்த அதை, 1867இல் இடித்துவிட்டார்கள். 1856இலிருந்து மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த புத்தச் செப்புத் திருமேனிகள் மட்டும் முந்நூறுக்கு மேல். சிலவற்றை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். எங்கள் ஊரில் நின்று பார்க்க விகாரத்தின் சுவர் ஒன்றுகூட இல்லை. ஒரு காலத்தில் கிழக்குக் கடல் முழுவதற்கும் தெரிந்த துறைமுகத்தின் ஒரு துண்டு, ஒரு நன்னீர் ஏரியின் கரையில் உட்கார்ந்திருக்கிறது. அவரைப் பார்த்ததில் சந்தோஷமும் வருத்தமும் எனக்குச் சரிபாதி. அந்த வருத்தத்தைச் சமாதானப்படுத்திக்கொள்ள நான் முயலவில்லை.

ஆர்ட் இன்ஸ்டிடியூட் ரயில் தண்டவாளங்களின் மேல் இருபுறமும் கால்வைத்து நிற்கிறது. ஏரிக்கரையின் கதை இந்தத் தண்டவாளங்களில்தான் தொடங்குகிறது.

1836இல், ஊர் உருவாகும்போதே, மனை பிரித்த வரைபடத்தில் ஏரியோர நிலத்தின் மேல் ஒரு குறிப்பு எழுதிவைத்தார்கள்: இது பொது நிலம், என்றென்றும் திறந்தே இருக்க வேண்டும், கட்டடமோ வேறு எந்தத் தடையோ கூடாது. எழுதிவைத்ததோடு சரி. 1850களில் இல்லினாய் சென்ட்ரல் ரயில்வே தண்ணீருக்குள்ளேயே கட்டைகளை ஊன்றித் தண்டவாளம் போட்டது. 1869இல் மாநிலச் சட்டமன்றம் ஏரியின் படுகையில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் அந்த ரயில்வேக்கு எழுதிக் கொடுத்தது. மக்கள் கொதித்ததில் 1873இல் அதைத் திரும்பப் பெற்றது. கொடுத்ததைப் பறிக்கலாமா என்று வழக்கு. 1892இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: இந்த நீர்நிலையை மாநிலம் மக்களுக்காக ஒரு பொறுப்பாக வைத்திருக்கிறது, அதைத் தனியாருக்குத் தாரை வார்க்க அதற்கு உரிமை கிடையாது.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று இது. 1996 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், இமாச்சலத்தில் பியாஸ் ஆற்றங்கரை நிலம் ஒரு விடுதிக்குப் போன வழக்கில் இந்த சிகாகோ தீர்ப்பை எடுத்துப் பேசி, பொதுப் பொறுப்புக் கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. நம்மூர் ஏரியையோ கடற்கரையையோ காப்பாற்ற யாராவது நீதிமன்றப் படியேறினால், அவர்கள் வாதத்தில் மிச்சிகன் ஏரியின் இந்தக் கரையும் இருக்கிறது. அந்த ஏரியோரப் பூங்காவான கிராண்ட் பார்க்கின் புல்லில் உட்கார்ந்து இதை யோசித்தபோது, நான் சும்மா சுற்றிப் பார்க்க வந்த இடம் மாதிரி எனக்கு அது தோன்றவில்லை.

அந்தப் புல்லுக்கு அடியில் இருப்பதும் ஒரு கதை. 1871 அக்டோபரில் ஊர் பற்றி எரிந்தது. சுமார் முந்நூறு பேர் செத்து, ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். எரிந்த ஊரின் இடிபாடுகளைக் கொண்டுவந்து தண்டவாளத்துக்கும் கரைக்கும் நடுவே இருந்த தண்ணீரில் கொட்டினார்கள். பூங்காவின் தரை அப்படி வந்தது. ஆனால் அப்போது அதைப் பூங்கா என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. குப்பை மேடு, குதிரை லாயம், கொட்டகைகள்.

மிச்சிகன் அவென்யூவில் இருந்த தன் அலுவலக ஜன்னல் வழியாகத் தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஆரோன் மான்ட்கோமரி வார்ட். விலைப்பட்டியல் அனுப்பித் தபாலில் சாமான் விற்கும் வியாபாரத்தை 1872இல் தொடங்கிப் பெரும் பணக்காரரானவர். 1890இல் நகராட்சியின் மேல் வழக்குப் போட்டார். 1836 வரைபடத்தில் எழுதியதைச் செயல்படுத்து என்பதுதான் அவர் கேட்டது. ஊர்ப் பெரியமனிதர்களுக்கு அந்த நிலத்தில் என்னென்னவோ கட்டும் திட்டம் இருந்தது, எல்லாமே நல்ல திட்டங்கள்தான். ஃபீல்டு அருங்காட்சியகத்தைப் பூங்காவின் நடுவில் வைக்க விரும்பினார்கள். வார்ட் அதையும் எதிர்த்தார். 1911 வரை இழுத்த வழக்குகளில் மாநில உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்ப அவர் பக்கமே நின்றது. நண்பர்கள் விலகிப் போனார்கள், பத்திரிகைகள் திட்டின. இரண்டு வருடத்தில் அவர் காலமானார். அருங்காட்சியகம் தெற்கே தள்ளிப் புதிதாக மண் கொட்டிய இடத்தில் 1921இல் திறந்தது.

நல்ல நோக்கத்துக்காக வரும் கட்டடத்தை மறுப்பதுதான் கஷ்டம். மதுக்கடையை எதிர்க்க ஊரே வரும். அருங்காட்சியகத்தை எதிர்க்க ஒரு ஆளாக நிற்க வேண்டும். வார்டை நான் மதிப்பது அதனால்தான்.

அவர் வாங்கிய தீர்ப்புகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. 2004இல் திறந்த மில்லெனியம் பார்க் கிராண்ட் பார்க்கின் வடமேற்கு மூலையில், ரயில் தடங்களையும் கார் நிறுத்துமிடங்களையும் மூடிய கூரையின் மேல் இருக்கிறது. அங்கே ஃபிராங்க் கேரி வடிவமைத்த இசை மேடையின் எஃகு இதழ்கள் உயரமானவை. கட்டடம் என்று சொன்னால் தடை வரும், ஆகவே அதைக் கலைப்படைப்பு என்று வகைப்படுத்தினார்கள். பக்கத்து அரங்கத்தின் பெரும்பகுதியைத் தரைக்கு அடியில் இறக்கினார்கள். மும்பையில் பிறந்த அனிஷ் கபூரின் பளபளக்கும் எஃகு 'பீன்' இருப்பதும் அங்கேதான். 168 தகடுகளைப் பற்றவைத்து, ஒரு மூட்டுக்கூடத் தெரியாமல் தேய்த்திருக்கிறார்கள். சனிக்கிழமை மாலை அங்கே திருவிழாக் கூட்டம். அதில் முகம் பார்க்காத ஆளில்லை. எனக்குப் பிடித்தது வானமும் மிச்சிகன் அவென்யூவின் மொத்த வரிசையும் அதில் வளைந்து தெரிந்த விதம். முன்னால் வெட்டவெளி இருப்பதால்தான் அந்தக் கட்டட வரிசைக்கே அழகு.

இரவு டெவான் அவென்யூ பக்கம் தங்கினோம். சேலைக் கடையும் மளிகைக் கடையும் இனிப்புக் கடையுமாக ஒரு நீண்ட தெரு. ஒரு பகுதிக்கு மகாத்மா காந்தி பெயர், தெருவைப் பிடித்து மேலே போனால் முன்பு அங்கே குடியிருந்த யூதர்களின் நினைவாக, இஸ்ரேல் பிரதமராக இருந்த கோல்டா மேயரின் பெயர். மசால் தோசை நன்றாகவே இருந்தது.

ஞாயிறு காலை நகர மையத்துக்கு வந்து 6ஆம் எண் பேருந்தில் தெற்கே போனோம். ஏரியோரச் சாலையிலேயே போகும் பேருந்து. டிக்கெட் விலையில் இதைவிட நல்ல சுற்றுலா அந்த ஊரில் இல்லை. இடது பக்கம் உட்காருங்கள். மைல் மைலாகத் தண்ணீர், அக்கரை தெரியாது, அலை வந்து மோதும், ஆனால் உப்பு வாசனை மட்டும் இருக்காது. கடற்கரையில் வளர்ந்தவனுக்கு அது கொஞ்சம் விசித்திரமாகவே இருந்தது.

முதலில் நார்தெர்லி தீவு தெரியும். அங்கே ஒரு சின்ன விமான நிலையம் இருந்தது. 2003 மார்ச்சில் ஒரு நள்ளிரவில் மேயர் டேலி புல்டோசர் அனுப்பி ஓடுபாதையில் பெரிய பெருக்கல் குறிகளைத் தோண்டவைத்தார். விடிந்தபோது விமானங்கள் மாட்டிக்கொண்டு நின்றன. இப்போது அது பூங்கா. விளைவு எனக்குப் பிடித்திருக்கிறது, அந்த வழி பிடிக்கவில்லை. வார்ட் பகல் வெளிச்சத்தில் நீதிமன்றத்தில் செய்த வேலையை இருட்டில் செய்தால் அதன் மதிப்புக் குறைகிறது. அடுத்து மெக்கார்மிக் பிளேஸ் மாநாட்டுக் கூடம், தண்ணீரை மறைத்துக்கொண்டு ஒரு கறுப்புப் பெட்டி. 1960இல் கட்டியது, 1967இல் எரிந்தது. அப்போதாவது வேறு இடம் பார்த்திருக்கலாம். அதே கரையில் மறுபடி எழுப்பினார்கள். அந்த ஓர் இடத்தைக் கடக்கும்போதுதான், மற்ற இடமெல்லாம் எப்படி ஆகியிருக்கும் என்று விளங்குகிறது.

இன்னும் தெற்கே, 29ஆம் தெருவை ஒட்டிய கரை. இங்கே நடந்ததைச் சொல்லாமல் இந்த ஏரிக்கரையைப் புகழ்வது சரியில்லை. 1919 ஜூலை 27. கடும் வெயில். யூஜீன் வில்லியம்ஸ் என்ற பதினேழு வயதுக் கறுப்பினச் சிறுவன் நண்பர்களோடு ஒரு மரத் தெப்பத்தில் மிதந்துகொண்டிருந்தான். எந்தப் பலகையும் இல்லாத, ஆனால் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கோடு தண்ணீரில் இருந்தது. இந்தப் பக்கம் கறுப்பர், அந்தப் பக்கம் வெள்ளையர். தெப்பம் கோட்டைத் தாண்டியது. கரையிலிருந்து ஒரு வெள்ளையர் கல்லெறிந்தார். பையன் மூழ்கிப் போனான். எறிந்தவரைக் கைதுசெய்யக் காவலர் மறுக்க, கலவரம் மூண்டு, 38 பேர் செத்தார்கள், 23 பேர் கறுப்பர்கள். வார்ட் காப்பாற்றிக் கொடுத்த கரையின் தொடர்ச்சிதான். என்றென்றும் திறந்தே இருக்க வேண்டும் என்று வடக்கே எழுதிவைத்த அதே ஏரியின் கரைதான். தெருக்குழாயிலும் குளத்துப் படித்துறையிலும் எழுதாத கோடுகள் இருந்த நாட்டிலிருந்து வந்தவன் நான், எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கம் அவனுக்கு ஒரு சிறிய நினைவுக்கல் இருக்கிறது. நடந்து போகிறவர்கள் அதைத் தேடிப் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

ஹைட் பார்க்கில் இறங்கினோம். சிகாகோ பல்கலைக்கழகம் இருக்கும் பகுதி. மிட்வே என்ற அகன்ற புல்வெளியில்தான் 1893 உலகக் கண்காட்சியின்போது உலகின் முதல் ஃபெர்ரிஸ் ராட்டினம் 264 அடி உயரத்தில் சுற்றியது. அதைத் தாண்டி ஹார்ப்பர் நூலகக் கட்டடத்தின் முன்னால் போய் நின்றேன். 1962இல், இங்கே வேலைக்கு வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை, ஏ.கே. ராமானுஜன் பழந்தமிழ் இலக்கணம் ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டு இதன் நிலவறை அடுக்குகளுக்குள் போனார். மைசூரில் பிறந்து, வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர். கையில் அகப்பட்டது உ.வே.சா. பதிப்பித்த சங்கத் தொகை நூல். ஐந்து வருடத்தில் குறுந்தொகைப் பாடல்கள் அவர் ஆங்கிலத்தில் வெளிவந்தன. அதன்பிறகுதான் உலகின் கவிதை வாசகர்கள் பலர் திணை என்ற ஒன்றைக் கேள்விப்பட்டார்கள். உ.வே.சா. ஊர் ஊராக ஏடு தேடி நடந்ததும், யாரோ ஒரு நூலகர் அந்தப் புத்தகத்தை வாங்கி இங்கே அடுக்கியதும், ஒருவர் அதை எடுத்துப் பிரித்ததும் சேர்ந்துதான் இது நடந்தது. ராமானுஜன் 1993இல் இந்த ஊரிலேயே காலமானார். இந்த ஏரியைப் பார்த்துக்கொண்டே அவர் நெய்தல் பாடல்களை மொழிபெயர்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருந்தது.

பல்கலைக்கழகத்திலிருந்து கிழக்கே நடந்து, ஏரியோரச் சாலைக்கு அடியில் போகும் சுரங்க நடைபாதையைத் தாண்டினால் புரோமோன்ட்டரி பாயின்ட். ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் புல்வெளி மேடு. 1930களில் ஆல்ஃபிரட் கால்டுவெல் வடிவமைத்தது. கரையைச் சுற்றிலும் பெரிய பெரிய சுண்ணாம்புக் கற்களை நம் குளத்துப் படிகள் மாதிரி அடுக்கியிருக்கிறார்கள். சுற்றுலாப் பேருந்து எதுவும் இங்கே வருவதில்லை. அன்று ஒரு கறுப்பினக் குடும்பம் மூன்று தலைமுறையாக உட்கார்ந்து கோழி சுட்டுக்கொண்டிருந்தது. சீன மாணவர்கள் கல்லில் படுத்துப் படித்தார்கள். வயதான சிலர் கற்களிலிருந்து இறங்கித் தண்ணீரில் நீந்தினார்கள். வடக்கே, ஏழெட்டு மைல் தள்ளி, முந்தின நாள் நாங்கள் நடந்த கட்டடங்கள் அத்தனையும் ஒரு கைப்பிடிக்குள் தெரிந்தன.

நீந்திவிட்டு ஏறிய ஒரு பெரியவர், நாங்கள் கற்களைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார். அரிப்பைத் தடுக்கக் கரையை கான்கிரீட்டாக மாற்றும் திட்டம் பல வருடங்களாக இருக்கிறது. சுண்ணாம்புக் கற்களையே செப்பனிட்டு வைக்க வேண்டும் என்று இந்த வட்டார மக்கள் விடாமல் போராடுகிறார்கள். 2023இல் நகரம் இந்த இடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. அதோடு ஓய்ந்துவிட்டார்களா என்று கேட்டேன். இல்லை, கூட்டத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறோம் என்றார். கிளம்பும்போது, கற்களில் எங்கே பாசி வழுக்கும், எந்த இடத்தில் காலை வைத்து இறங்கலாம் என்று கைகாட்டிவிட்டுப் போனார்.

தண்ணீர் ஜூன் கடைசியிலும் நல்ல குளிர். ஜூலை பாதிக்கு மேல், ஆகஸ்டில் போனால் இன்னும் நல்லது. போகிறவர்கள் மாற்று உடுப்பும் ஒரு துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், அங்கே கடை எதிர்பார்க்காதீர்கள். திரும்புவதற்கு அதே 6ஆம் எண் பேருந்து, இந்த முறை வலது பக்கம் உட்கார வேண்டும்.